பெயர் எழுதாத அட்டை

மார்ச் 4, திங்கள்

காலைச் சோதனை வரிசையில் ஊழியர்கள் பதினோரு பேர். இரண்டு பேருக்கு வெட்டாத நகம், ஒருவருக்குக் கசங்கிய காலர், ஒருவருடைய ஷூவில் சேறு. “மழை ஊருக்கே பெஞ்சுது. உங்க ஷூவுக்கு மட்டும்தான் தெரிஞ்சுதா?” என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார்.

எங்கள் காப்பீட்டு அலுவலகத்தின் சேவைக் கூடத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர், வீட்டில் யாரையோ பறிகொடுத்துவிட்டு வருகிறவர்கள். அவர்கள் எதிரே அழுக்குக் காலரோடு உட்காருவது அவமரியாதை. பதினாறு வருடமாகக் கண்காணிப்பாளர் நாற்காலியில் இருந்துகொண்டு இதைத்தான் தலைபாடாக அடித்துக்கொள்கிறேன். முதுகுக்குப் பின்னால் என்னை ‘இஸ்திரிப் பெட்டி’ என்கிறார்கள். தெரியும். எனக்கு அந்தப் பெயர் பிடித்தும் இருக்கிறது.

இப்போதெல்லாம் நான் பக்கத்தில் போனால் வரிசையில் நிற்கிறவர்கள் அரையடி பின்னால் நகர்கிறார்கள். பயம் இருக்கட்டும், நல்லதுதான்.

நாக்கின் இடது ஓரத்துப் புண் இன்னும் ஆறவில்லை. ஜனவரியில் வந்தது. கடைவாய்ப்பல் உரசுகிறது போலிருக்கிறது. கிராம்பு வைத்துக்கொண்டேன்.

மார்ச் 7, வியாழன்

மூன்றாம் கவுண்டர்ப் பெண் பிரசவ விடுப்பு முடிந்து வந்து மூன்று வாரமாகிறது. மதியத்துக்கு மேல் பால் கசிந்து சட்டையில் புளித்த வாடை. வாடிக்கையாளர் ஒருவர் மூக்கைத் தேய்த்ததை நானே பார்த்தேன்.

இதற்குத்தான் என் விதி இருக்கிறது. உடம்புக் குறையை யாரிடமும் முகத்துக்கு நேரே சொல்லக் கூடாது. வெள்ளை அட்டையில் ஒரு வரி எழுதி, பெயர் போடாமல், அவர் கண்ணில் படும்படி வைத்துவிட வேண்டும். யார் வைத்தது என்று தேடக் கூடாது. அட்டைக் கட்டு ஒன்று வரவேற்பு மேசையில் இருக்கிறது, இன்னொன்று என் வீட்டு அலமாரியில்.

‘பால் வாடை வருகிறது. இதையெல்லாம் வீட்டோடு விட்டுவிட்டு வரவும்’ என்று எழுதி அவள் மேசையில் வைத்தேன். படித்தாள். கழிவறைக்குப் போய்ப் பத்து நிமிடம் கழித்து வந்தாள். கண் சிவந்திருந்தது. பிறகு ஒழுங்காக வேலை பார்த்தாள். நல்ல விதி. யாருக்கும் தலைகுனிவு இல்லை.

மார்ச் 12, செவ்வாய்

கைக்குட்டை எடுக்கக் கைப்பையின் பக்கவாட்டு அறைக்குள் கையை விட்டேன். ஓர் அட்டை. தனித்தனி எழுத்தாக, சின்னப் பிள்ளை எழுதியதுபோல: ‘உங்கள் வாயில் வாடை வருகிறது. தயவுசெய்து டாக்டரிடம் காட்டவும்.’

எனக்கு. எனக்கா?

கழிவறையில் உள்ளங்கையில் ஊதி முகர்ந்து பார்த்தேன். புதினா மிட்டாய் வாசனைதான். வேறொன்றும் இல்லை. இரண்டு வேளை பல் தேய்க்கிறவள் நான், நாக்கு வழிக்கிறவள். தயவுசெய்தாம்! என்ன நக்கல்!

மார்ச் 13, புதன்

தேடக் கூடாது என்பது விதி. தேடினேன்.

யாருக்கு என் மேல் கோபம்? கணக்குப் போட வேண்டிய அவசியமே இல்லை. போன வாரம் அட்டை வாங்கியவள் இந்த வாரம் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். இன்று வரிசையில் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு, வேறென்ன?

மார்ச் 15, வெள்ளி

அவளைக் கீழ்த்தளத்துப் பழைய கோப்பு அறைக்கு மாற்றினேன். ஜன்னல் இல்லாத அறை. நான்கரைக்குப் பதிலாக ஆறரைக்குத்தான் வேலை முடியும். “மேடம், ஆறரைன்னா வீட்டுக்குப் போறதுக்கு எட்டாயிடும். குழந்தைக்கு அஞ்சு மாசம்தான்…” என்றாள். “அங்க வாடிக்கையாளர் யாரும் வர மாட்டாங்க, உங்களுக்கும் சௌகரியம்” என்றேன். சொல்லும்போது குரலைக்கூட உயர்த்தவில்லை. அதில் எனக்கு ஒரு பெருமை.

இரவுச் சாப்பாட்டின்போது வீட்டுக்காரரிடம் அட்டையையும் சொன்னேன், மாற்றலையும் சொன்னேன். “அவளுக்கு நல்லா வேணும்” என்று சிரித்தேன். அவர் தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்து கை கழுவப் போனார். வயிறு சரியில்லையாம். நூலகத்தில் தூசியோடு தூசியாக உட்கார்ந்தால் வயிறு எப்படிச் சரியாக இருக்கும்?

மார்ச் 16, சனி

புண் எரிகிறது. காரம் சேர்க்கவில்லை.

மார்ச் 27, புதன்

கொப்பளிக்கும் மருந்தில் இருப்பதிலேயே கடுமையானதை வாங்கினேன். வாயில் ஊற்றினால் கண்ணீர் வருகிறது. லிஃப்ட்டில் நான் ஏறியதும் மேலாளர் செல்பேசியை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார். பார்க்க ஒன்றுமில்லாதபோதும் எல்லோருக்கும் செல்பேசி.

இடது காது வலிக்கிறது. காதுக்கும் நாக்குக்கும் என்ன சம்பந்தம்?

ஏப்ரல் 5, வெள்ளி

பல் தேய்த்தபோது ரத்தம். கழுவுதொட்டி சிவந்துபோனது. அவர் பின்னால் வந்து நின்றது கண்ணாடியில் தெரிந்தது.

“கெளம்பு. பல் டாக்டர்கிட்ட நேரம் வாங்கிட்டேன்.”

“எனக்கு இன்னைக்கு வரிசை பாக்கணும்.”

“வரிசை கிடக்கட்டும். இன்னைக்கு ஒருநாள் நான் சொல்றதைக் கேளு.”

இருபத்திரண்டு வருடத்தில் அவர் என்னிடம் இப்படிப் பேசியதில்லை. போனேன்.

பல் மருத்துவர் சின்னப் பெண். முகமூடிக்கு மேல் இன்னொரு முகமூடி போட்டுக்கொண்டாள். நாக்கை வெளியே இழுத்துத் துணியால் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். இடது தாடைக்குக் கீழே விரலால் அழுத்தினாள். ஒரு துண்டு வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றாள். அப்புறம் கேட்டாள்:

“இவ்வளவு வாடை இருந்திருக்கே. கூட இருக்கறவங்க யாருமே சொல்லலையா?”

சொன்னாங்க டாக்டர். நான்தான் சொன்ன ஆளைத் தேடிக்கிட்டு இருந்தேன். இதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

வெளியே பேருந்து நிறுத்தத்தில் அவர் கால் செருப்பையே பார்த்துக்கொண்டு சொன்னார்: “அந்த அட்டையை வச்சது நான்தான்.”

இடது கையால் எழுதினாராம், எனக்கு அடையாளம் தெரியக் கூடாதென்று.

“கூடப் படுக்கறவரு நீங்க. நேரா சொன்னா என்ன?”

“கல்யாணமான புதுசுல உன் தங்கச்சி முன்னாடி, பல்லுல கீரை இருக்குன்னு சொன்னேன். ஒன்பது நாள் பேசல நீ.”

மறந்தே போயிருந்தேன். அவர் நாளை எண்ணி வைத்திருக்கிறார்.

“அவளை மாத்திட்டேன்னு சொன்னேனே, அப்பவாவது வாயைத் திறந்திருக்கலாம்ல?”

“சொல்லத்தான் நெனச்சேன். கை கழுவிட்டு வந்து சொல்லலாம்னு போனேன். திரும்பி வந்தா நீ சிரிச்சுக்கிட்டு இருந்தே. பயந்துட்டேன்.”

பேருந்து வந்தது. ஏறினோம். அவரைத் திட்ட வேண்டும் என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் என் வீட்டு மனிதரை இப்படிப் பயந்து சாகப் பழக்கியது யார்? அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள்? ஐந்து மாதக் குழந்தை… கடவுளே, நான் என்னடி பண்ணி வச்சிருக்கேன்!

ஏப்ரல் 12, வெள்ளி

புற்று. நாக்கில் மூன்றில் ஒரு பங்கு எடுக்க வேண்டும். கழுத்தில் கட்டிகளும். அடுத்த வியாழன் அறுவைச் சிகிச்சை.

ஏப்ரல் 15, திங்கள்

மேலாளரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். மூன்றாம் கவுண்டர்ப் பெண்ணை மேலே கொண்டுவரச் சொன்னேன். “அந்த இடத்துக்குப் புது ஆள் போட்டாச்சே மேடம். நீங்க நல்லபடியா திரும்பி வாங்க, பாத்துக்கலாம்” என்றார். ‘தப்பு என்னுடையது’ என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நேரில் போய் அவளிடம் பேசியிருக்கலாம். போகவில்லை. மூன்று நாள்தான் இந்த நாக்கு முழுதாக இருக்கப் போகிறது, அதையும் பூட்டி வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 17, புதன்

மருத்துவமனைக் கட்டில். நாளை காலை. பேசுவதென்றால் இன்றே பேசிக்கொள்ள வேண்டுமாம், நர்ஸ் சொன்னாள். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம்.

“ஏதாச்சும் திட்டேன்” என்றார்.

வாழ்நாளெல்லாம் நாக்கில் நரம்பில்லாமல் பேசியவளுக்கு, கேட்டபோது ஒரு வார்த்தை வரவில்லை.

மே 2, வியாழன்

குழாய் வழியாகக் கஞ்சித் தண்ணீர். கண்ணாடி வேண்டாம் என்று எழுதிக் காட்டினேன்.

மே 20, திங்கள்

அவர் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். அவர் “என்னம்மா, தண்ணியா?” என்று கேட்டார்.

ஜூன் 19, புதன்

கதிர்வீச்சு பதினாறாம் நாள். கழுத்துத் தோல் கருகி உரிகிறது. எனக்கு எதிலும் சுவையில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த பெரியவர் வேட்டியைக் கோணலாகக் கட்டியிருந்தார். நான் அதைக் கவனித்ததே வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. இத்தனை பட்டும் போகாத கண்.

புற்றின் மீதி எங்கும் இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாதாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பார்களாம்.

ஆகஸ்ட் 5, திங்கள்

விடுப்பை நீட்டிக்கும் தாளில் கையெழுத்துப் போட அலுவலகத்துக்குப் போனேன். போவதற்கு முன் வீட்டு அலமாரியிலிருந்து ஓர் அட்டை எடுத்தேன். ‘என் வாய் வாடையைச் சொல்லி வந்த, நீ எழுதாத அட்டைக்காக உன்னைத் தண்டித்தேன். தவறு என்னுடையது. மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது’ என்று எழுதி, கீழே என் முழுப் பெயரையும் எழுதினேன். இந்த வெள்ளை அட்டைகளில் நான் பெயர் எழுதியது இதுதான் முதல் தடவை.

கூடத்தில் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். பூங்கொத்து கொடுத்தார்கள். “அப்படியே இருக்கீங்க மேடம்”, “இன்னும் இளைச்சு அழகாயிட்டீங்க.” பத்து நிமிடம் சிரித்த முகமாகப் பேசினார்கள். மேலாளரிடம் அவளைப் பற்றித் திக்கித் திணறிச் சொன்னேன், தப்பு என்னுடையது என்பதையும் சேர்த்து. அவருக்கு எவ்வளவு புரிந்ததோ, அடுத்த மாதம் மேலே போட்டுவிடுவதாகச் சொன்னார்.

கீழே இறங்கினேன். ட்யூப்லைட் வெளிச்சத்தில் கோப்புகளுக்கு நடுவே நின்றிருந்தாள். கடைநிலை ஊழியர் ஒருவரும் இருந்தார். அட்டையை அவள் கையில் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள், அங்கே ஒன்றுமில்லை.

“நான் எழுதல மேடம். சொல்றதா இருந்தா, லீவு முடிஞ்சு வந்த அன்னைக்கே நேரா சொல்லியிருப்பேன்.”

“கொயந்தெ?” என்றேன். என் வாயிலிருந்து அப்படித்தான் வருகிறது.

அவளுக்குப் புரிந்தது. “நல்லா இருக்கான். புட்டிப்பால்தான். இங்க வந்த மூணாவது வாரமே எனக்கு நின்னுபோச்சு.”

அவள் அழவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. நானும் அதை எதிர்பார்த்துப் போகவில்லை என்று எழுத ஆசைதான். எதிர்பார்த்துத்தான் போனேன்.

கிளம்பத் திரும்பினேன். “மேடம்” என்று கூப்பிட்டாள். கடைநிலை ஊழியர் நிமிர்ந்து பார்த்தார்.

“வாயோரம் எச்சில் வழியுது. சட்டையெல்லாம் நனைஞ்சிருக்கு.”

அந்தப் பக்கம் எனக்கு உணர்ச்சி கிடையாது. எவ்வளவு நேரமாக வழிகிறதோ? மேலே, கூடத்தில், அந்தப் பத்து நிமிடமும்?

கைக்குட்டையை எடுத்துத் துடைத்தேன்.

“இன்னும் கொஞ்சம் கீழ. இடது பக்கம்.”

துடைத்துவிட்டு, போயிற்றா என்பதுபோல அவளிடம் முகத்தைக் காட்டி நின்றேன். காலை வரிசையில் அவர்கள் என் முன்னால் நிற்பதுபோலவே. அவள் பக்கத்தில் வந்து, நிதானமாகப் பார்த்து, “இப்போ சரியா இருக்கு” என்றாள்.