கதவுக்குப் பின்னால் கேட்ட சிரிப்பு

பிரிக்பீல்ட்ஸில் கைப்பேசி பழுது பார்ப்பவர் இன்று காலை என் போனைத் திறந்துவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “ஆன்ட்டி, ஸ்பீக்கர் உள்ள ஏதோ இனிப்பா ஒட்டிக் காஞ்சு கெடக்கு. என்ன ஊத்துனீங்க?” பாயாசம் என்றேன். போனில் எப்படிப் பாயாசம் விழும் என்று கேட்டார். அவரிடம் சொல்ல முடியவில்லை. உனக்கு எழுதுகிறேன்.

நாம் சந்தித்ததே அழ வேண்டிய இடத்தில்தான். பெட்டாலிங் ஜெயாவில் ஓர் அலுவலகம். கணவரின் இறப்புப் பத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு நான் காத்திருந்தேன். உன் மடியிலும் அதே மாதிரி ஒரு பத்திரம். முன்பின் தெரியாத என் பக்கம் சாய்ந்து, “எங்காளு செத்த தேதிக்கு லாட்டரி நம்பர் எடுத்தேன் லா. உயிரோட இருந்தப்பவும் அடிக்கல, செத்தும் அடிக்கல” என்றாய். நான் சிரித்த சிரிப்பில் கூடமே திரும்பிப் பார்த்தது. அவர் போன பிறகு நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

நாம் சேர்ந்து பார்த்த அந்த இணையத் தொடரையும் நீதான் கண்டுபிடித்தாய். ஒரு சாவு வீட்டில் அறிமுகமாகும் இரண்டு பெண்கள், துக்கத்துக்கு நடுவே அவர்கள் அடிக்கும் கூத்து. இது நம்ம கதை, யாரோ திருடிவிட்டார்கள் என்றாய். ஒவ்வொரு சனிக்கிழமையும் மதியம் கொமுட்டர் ரயில் ஏறி கிள்ளானுக்கு வந்துவிடுவேன். உன் நாற்காலியில் நீ, தரையில் நான், நடுவில் ஒரு தட்டு முறுக்கு. ஒருத்தியை விட்டு இன்னொருத்தி பார்க்கக் கூடாது என்பது நம் ஒப்பந்தம். பாதித் தொடரில் உனக்கு நோய் வந்தது. நாற்காலி கட்டிலாக மாறியதே தவிர, சனிக்கிழமை மாறவில்லை.

ஒரு சனிக்கிழமை, கடைசி ஒரு பகுதிதான் பாக்கி. அன்றைக்கே போடச் சொன்னாய். நான் மாட்டேன் என்றேன். உனக்குக் களைப்பாக இருக்கிறது, அடுத்த சனிக்கிழமை பார்க்கலாம் என்று சாக்குச் சொன்னேன். உண்மை அதுவல்ல. கதை முடிந்துவிட்டால் நீயும் போய்விடுவாய் என்று ஒரு முட்டாள் பயம். “முடிவு தெரியாம போனேன்னு வை, ஒன்ன சும்மா விடமாட்டேன் டி” என்றாய். வியாழக்கிழமை போய்விட்டாய். நீ கேட்டது அரைமணி நேரம். அதைக்கூட நான் தரவில்லை.

பதினாறாம் நாள் உன் வீட்டில் படையல் போட்டோம். போனவர் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்போமே, அதற்குக் கிடைப்பது பத்து நிமிடம். எல்லாரும் வெளியேறியதும் கடைசி ஆளாக நின்று, போனில் அந்தப் பகுதியைப் போட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைசிப் பத்து நிமிடத்துக்குத் தள்ளினேன். சத்தத்தைக் குறைத்து, பாயாசக் கிண்ணத்தில் சாய்த்து, திரையை உன் படத்தின் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வந்து கதவைச் சாத்தினேன்.

நான் குறைத்தது போதவில்லை போலிருக்கிறது. உள்ளே ஒரு பெண் சிரித்தாள். தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து வந்திருந்த உன் அக்கா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். உன் மகள் கதவைத் திறக்கப் போனாள். “தொறக்காத. அவ சிரிச்சுக்கிட்டே சாப்பிடட்டும்” என்றார் அக்கா. கைகூப்பி நின்ற அத்தனை பேரும் அழுதார்கள். நானும் அழுதேன். எது போன், எது நீ என்று எனக்கே ஒரு கணம் தெரியவில்லை. பிறகு சத்தம் நின்றது.

கதவைத் திறந்தால் போன் பாயாசத்துக்குள் குப்புறக் கிடந்தது. முதலில் பார்த்தது உன் மகள்தான். யாரும் கவனிப்பதற்குள் எடுத்து, முந்தானையில் துடைத்து, என் கையில் திணித்தாள். அவள் தோள் குலுங்கியது அழுகையாலா சிரிப்பாலா என்று நான் கேட்கவில்லை. தங்கச்சி வந்து சிரித்துவிட்டுப் போனாள் என்று அக்கா இன்றைக்கும் பார்ப்பவரிடமெல்லாம் சொல்கிறார். நானும் ஆமாம் என்றுதான் தலையாட்டுகிறேன்.

கடைக்காரர் ஸ்பீக்கரை மாற்றச் சொன்னார். வேண்டாம் என்று வாங்கி வந்துவிட்டேன். யார் பேசினாலும் சாத்திய கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேசுவது போலத்தான் கேட்கிறது. எனக்கு அது போதும்.

அந்தக் கடைசிப் பகுதியை நான் இன்னும் பார்க்கவில்லை, பார்க்கவும் மாட்டேன். முடிவு தெரிந்தவள் நீதான். நான் வந்ததும் சொல். அவசரம் ஒன்றும் இல்லை.