கூடத்து மாடிப்படி

மார்ச் 4
என் மூக்குக்கண்ணாடிக் கடையில் நல்ல கூட்டம். ஒரு ஃபிரேமில் லென்ஸ் மாட்டிக்கொண்டிருந்தபோது வக்கீல் போனில் கூப்பிட்டார்.

"உங்க தம்பியோட கடைசி அப்பீலும் தள்ளுபடிம்மா. மாடிப்படி உங்க பாகத்தைச் சேர்ந்ததுதான். இனிமே எந்தக் கோர்ட்டுலயும் அவர் இதைக் கிளப்ப முடியாது."

கீழ்வீடு எனக்கு, மேல்வீடு தம்பிக்கு என்று அப்பா பிரித்துக் கொடுத்தார். படி என் கூடத்துக்குள் இருக்கிறது. அதற்குத்தான் இத்தனை வருஷ வழக்கு. இனிப்பு வாங்கி வந்தேன். யாருக்குக் கொடுப்பது?

மார்ச் 19
படிக்குக் கதவு போட்டுப் பூட்டியாயிற்று. தம்பி வெளிப்பக்கமாக இரும்புப் படி வைக்கிறான். நாள் முழுக்க வெல்டிங் சத்தம்.

ஜூன் 27
மழை. தம்பி பெண்டாட்டி இரும்புப் படியில் வழுக்கி விழுந்துவிட்டாள். இடுப்பெலும்பு முறிவு. ஆஸ்பத்திரி வராந்தாவில் தம்பி என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஜூலை 2
தீர்ப்பை மாற்ற முடியுமா என்று வக்கீலிடம் கேட்டேன். சிரித்துவிட்டார்.

"ஜெயிச்சவங்க வந்து கேக்கறது இதுதான் முதல் தடவை! கரைஞ்ச உப்பைக் கல்லாக்கச் சொல்றீங்களே. தப்பாவே இருந்தாலும் அந்தத் தீர்ப்பு உங்க ரெண்டு பேரையும் கட்டுப்படுத்தும்மா. ஆனா நீங்களா வழி விடறதை அது தடுக்கலையே. கதவைத் திறந்துவிடுங்க, அவ்வளவுதான்."

அவ்வளவுதானா?

ஜூலை 3
இரும்புப் படி வழியாகவே மேலே போனேன். தம்பியிடம் சாவியை நீட்டினேன்.

"பாவம் பாத்துக் குடுக்கறியா?"

"அப்படியெல்லாம் இல்லடா..."

"சாவி வேணாம்க்கா. ஒண்ணே ஒண்ணு சொல்லு. படி ரெண்டு பேருக்கும் பொதுன்னு அப்பா சொன்னாரா, இல்லையா? நீயும்தானே பக்கத்துல இருந்தே?"

இருந்தேன். சொன்னார். பதில் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. "அதான் கோர்ட்டே சொல்லிடுச்சே" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? ஆமாடா — ஒரே வார்த்தை. எந்த நீதிபதி வந்து என் வாயைப் பொத்தினார்?

அவன் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டான்.

ஜூலை 20
பூட்டை எடுத்துவிட்டேன். கதவு திறந்தே கிடக்கிறது. யாரும் இறங்கவில்லை.

செப்டம்பர் 11
மேல்வீட்டை விற்றுவிட்டானாம். கடைக்கு வந்த புரோக்கர் சொல்லித்தான் எனக்கே தெரியும். வாங்குகிறவருக்கும் படியில் உரிமை கிடையாதாம். தீர்ப்பு அவரையும் கட்டுப்படுத்துமாம். என்னைச் சந்தோஷப்படுத்துவதாக நினைத்துச் சொன்னார்.

அக்டோபர் 5
சாமான் வண்டி வந்தது. எல்லாவற்றையும் இரும்புப் படியிலேயே இறக்கினார்கள். அம்மாவின் பீரோ மட்டும் வளைவில் திரும்பவில்லை. தம்பி வந்து என் வாசலுக்கு வெளியே நின்றான்.

"இந்தப் பீரோவை மட்டும் உங்க படி வழியா இறக்கிக்கலாங்களா?"

உங்க படி. இறக்கிக்கலாங்களா. பேச்சு வந்த நாளிலிருந்து என்னை 'நீ' என்று கூப்பிட்டவன்.

"பொதுப் படிதானேடா. அப்பா சொன்னாரே" என்றேன். ஒரு வழியாகச் சொல்லிவிட்டேன்.

அவன் ஆட்களைப் பார்த்துத் திரும்பினான். "மெதுவா இறக்குங்க. அவங்க சுவர்ல இடிச்சிடாதீங்க."

ஒரு கீறல்கூட விழவில்லை.