எத்தனை இஞ்சு தண்ணீர், அப்பா?

ஊருக்கே கேட்கும்படி பேசி, தனக்கு மட்டும் எதுவும் கேட்காமல் வாழ்ந்த என் அன்பு அப்பாவுக்கு,

நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறது. அங்கே அம்மாவைப் பார்த்தீர்களா? எருமப்பட்டி வீட்டில் எல்லாம் வைத்தது வைத்தபடியே இருக்கிறது. உங்கள் போனுக்குத் தினமும் சார்ஜ் போடுகிறேன். இதைக் கேட்டால் நீங்கள் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். அந்தப் போனோடு மல்லுக்கு நின்றவளே நான்தானே.

போன வாரம் எங்கள் பள்ளி அலுவலகத்தில் ஒரே பேச்சு. கூட வேலை செய்பவர் ஒருவர் தன் மாமியார் போனிலிருந்து வாட்ஸ்அப், பேஸ்புக் எல்லாவற்றையும் எடுத்துவிட்டாராம். "இந்த வயசுல அவங்களுக்கு எதுக்குங்க இதெல்லாம்?" என்றார். எல்லோரும் ஆமாம் போட்டார்கள். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அதே வார்த்தையை உங்கள் முகத்துக்கு நேராகச் சொன்னவள் எந்த முகத்தோடு பேசுவேன்?

முப்பது வருடம் ரிக் வண்டியில் ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் என்று போய் போர்வெல் கிணறு போட்டவர் நீங்கள். அந்தக் கம்ப்ரசர் இரைச்சல் உங்கள் இரண்டு காதையும் தின்றுவிட்டது. இந்த வயசில், அதுவும் காது கேட்காதவருக்குப் போன் எதற்கு என்று நான் கேட்டேன். நீங்கள் வாங்கியே தீர்ந்தீர்கள். பூப்படம் போட்ட காலை வணக்கம் அனுப்பினீர்கள். என் கல்யாணப் போட்டோவைப் பேஸ்புக்கில் மூன்று தடவை போட்டீர்கள். அதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு ராசம்மாக்கா விஷயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. ஏதோ இலையை அரைத்துக் குடித்தால் சர்க்கரை ஓடிப்போகும் என்று வந்த வீடியோவை அவரிடம் காட்டினீர்கள். அவர் மாத்திரையை நிறுத்திவிட்டு ஒரு வாரத்தில் மயங்கி விழுந்தார். அன்றைக்கே உங்கள் போனிலிருந்து வாட்ஸ்அப்பை எடுத்துவிட்டேன். நான் செய்தது முழுக்கத் தப்பு என்று இப்போதும் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் சண்டை போடவில்லையே அப்பா. போனைக் கொண்டுபோய் அலமாரியில் கவிழ்த்து வைத்தீர்கள். ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை?

பத்து நாள் கழித்து, ராசிபுரத்திலும் நாமக்கல்லிலும் பஸ் மாறி, ஆட்டையாம்பட்டியிலிருந்து நாச்சிமுத்து சித்தப்பா வந்து நின்றார். உங்களோடு ஒரே ரிக்கில் ஓடியவர். காதும் உங்களோடு சேர்ந்தே போனவர்.

"உசுரோட இருக்கறயாடா நீயி?" என்று வாசலிலேயே கத்தினார்.

"எனக்கென்னடா கேடு! உள்ள வாடா!" என்று நீங்கள் கத்தினீர்கள். தெரு முழுக்கக் கேட்டது, உங்கள் இருவரைத் தவிர.

அன்றைக்குத்தான் எனக்கு விஷயமே தெரிந்தது. தினமும் நாலு மணிக்கு இரண்டு பேரும் வீடியோ காலில் உட்கார்ந்திருக்கிறீர்கள். ரிக் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் பேசுவதும் கேட்காது, அதனால் வேலை முழுக்கக் கை சாடையில்தான். அந்தச் சாடையிலேயே கரண்ட் போனது, பேத்தி பாஸானது, முட்டிவலி, எல்லாவற்றையும் பேசி முடித்திருக்கிறீர்கள். அன்று சாயங்காலமே வாட்ஸ்அப்பைத் திரும்பப் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் கதவோரம் நின்று பார்த்தேன். சத்தமே இல்லை. உங்கள் கைகள் மேலே போகின்றன, சுழல்கின்றன, இறங்குகின்றன. அந்தப் பக்கம் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். காப்பி ஆறிப்போனது தெரியாமல் நின்றேன். என் அப்பாவுக்குள் இப்படி ஒரு பாஷை இருந்ததா? நாற்பத்தாறு வயது வரை எனக்குத் தெரியாமலே இருந்ததா?

நீங்கள் போனபோது சித்தப்பா இடுப்பெலும்பு உடைந்து படுக்கையில் இருந்தார். அவர் மருமகள்தான் போனில் அழுதாள். "அக்கா, எங்க மாமாகிட்டச் சொல்லிப்போடாதீங்க. இந்த நெலமைல தாங்க மாட்டாருங்க." சரி என்றுவிட்டேன். நாலு மணி ஆனால் உங்கள் போன் என் பையில் கிடந்து அதிரும். எடுக்க மாட்டேன். நின்றதும் மூச்சு வரும்.

மூன்றாவது வாரம் அவளே மறுபடி கூப்பிட்டாள். "சோறே திங்க மாட்டீங்கறாருக்கா. 'நான் என்ன தப்புப் பண்ணுனேன், அவன் ஏன் மூஞ்சியே காட்ட மாட்டீங்கறான்'னு கேட்டுட்டே இருக்கறாரு. என்னால சொல்ல முடியலீங்க. நீங்களே சொல்லிருங்க."

எப்படிச் சொல்வது? அவருக்குக் காது கேட்காது, எழுத்தும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு, உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து போனை எடுத்தேன். என் முகத்தைப் பார்த்ததும் அவர் புருவம் சுருங்கியது. விரலை ஆட்டி, எங்கே அவன் என்றார். உங்களிடம் பார்த்துத் தெரிந்துகொண்ட ஒரே ஒரு சாடைதான் எனக்குக் கைவசம் இருந்தது. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் குறுக்காக வைத்தேன். எஞ்சினை நிறுத்து. நின்றுவிட்டது, சித்தப்பா.

சித்தப்பா என் கைகளையே பார்த்தார். அப்புறம் தன் கையைத் தூக்கினார். விரலால் தரையைக் காட்டி, இரண்டு உள்ளங்கையையும் மேலே வீசி, தலையை ஆட்டிக் கேட்டார். தண்ணீர் வந்ததா?

எஞ்சின் நின்றால் ரிக்காரன் கேட்பது அதைத்தானே. தண்ணீரா, இல்லை வறண்ட குழியின் வெறும் புழுதிப் புகையா? படுக்கையில் கிடக்கும் கிழவர், கையகலக் கண்ணாடிக்குள்ளிருந்து, உங்கள் மொத்த வாழ்க்கைக்கும் பதில் கேட்கிறார். நான் இரண்டு கையையும் மேலே வீசினேன். வந்தது.

அவர் விடவில்லை. போர்வெல் தண்ணீரை அளக்கும் இஞ்சுக் கணக்கில் ஒரு விரல், இரண்டு விரல் காட்டினார். எத்தனை இஞ்சு?

அரை இஞ்சு தண்ணீருக்கு மூன்று விரல் காட்டி ஊரை ஏமாற்றுவீர்கள் என்று சித்தப்பா சொல்லியிருக்கிறார். நான் பத்து விரலையும் விரித்துக் காட்டினேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். நானும் அழுதேன். நீங்கள் போன அன்றுகூட அப்படி அழவில்லை. அன்று ராத்திரி அவர் இரண்டு கரண்டி ரசஞ்சோறு சாப்பிட்டதாக மருமகள் சொன்னாள்.

நாளைக்கு அலுவலகத்தில் அந்தப் பேச்சு வந்தால் வாயைத் திறப்பேன். கண்ட வீடியோவையும் நம்பாதபடி பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், ஆனால் பிடுங்காதீர்கள் என்பேன். அந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று நமக்கு என்ன தெரியும்?

நாலு மணிக்கு எனக்கு வேலை இருப்பதால் சித்தப்பா ஐந்து மணிக்கு ஒத்துக்கொண்டிருக்கிறார். இதுவரை பதினொரு சாடை கற்றுக்கொண்டேன். பாதி தப்பு என்று தலையில் அடித்துக்கொள்கிறார். அவர் இருக்கும்வரை உங்கள் போன் அணையாது, அப்பா. ஐந்து மணிக்கு உங்கள் நாற்காலியும் காலியாக இருக்காது. இது சத்தியம்.

பத்து விரலையும் விரித்தபடி,
உங்கள் அம்மிணி