நிறுத்திய பிறகும் கேட்ட குரல்

பாப்பாவுக்கு அம்மா எழுதறது. அப்பாவும் நானும் உடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்கணும்னு வேண்டிக்கிறேன். அப்பாவுக்கு நெஞ்சுல ஆபரேஷன் பண்ணின தழும்பு நல்லா ஆறிடுச்சு. மெதுவா மாடிப்படி ஏறலாம்னு டாக்டர் சொல்லிட்டார், இவர் மெதுவாங்கிற வார்த்தையை மட்டும் காதுல வாங்கலை. ஆயுசு பூரா லிப்ட் ரிப்பேர் பண்ணின மனுஷன், நம்ம கட்டடத்துல லிப்ட் இல்லைங்கிறதை இப்பதான் கண்டுபிடிச்ச மாதிரி ஒவ்வொரு படியிலும் நின்னு புலம்பறார். மாத்திரை சரியா போட்டுக்கறார். உப்பு குறைச்சுட்டேன், அதுக்கு என்மேல கோபம்.

நீ அனுப்பின ஓபரா டிஸ்க்குகளைப் பத்தி, அதான் அந்த வெளிநாட்டுப் பாட்டு நாடகங்களைப் பத்தி, போன்ல விவரமா சொல்லவே இல்லை. முதல் தடவை போட்டப்போ அப்பா, இந்தம்மா கத்திக்குத்து வாங்கி விழுந்து அரைமணி நேரம் ஆச்சு, இன்னும் பாடறாங்களே, இவ்வளவு மூச்சு இருந்தா ஆஸ்பத்திரிக்கு நடந்தே போயிருக்கலாமேன்னார். அப்புறம் மேடையோட தரை அப்படியே மேல எழும்பி வந்ததைப் பார்த்தார், அவ்வளவுதான், மனுஷன் நாற்காலியை டிவி பக்கத்துல இழுத்துப் போட்டுக்கிட்டார். கீழே என்ன மோட்டார் வெச்சிருப்பாங்கன்னு பார்க்கத்தான் மறுபடி போட்டார். மோட்டாரைப் பார்க்க உக்காந்தவர் பாட்டுல விழுந்துட்டார். ஞாயித்துக்கிழமை சாப்பாடு முடிஞ்சதும் ஜன்னல் திரையை இழுத்து விடுவார், போன் எடுக்கக்கூடாது, நான் இருமக்கூடக் கூடாது. படத்துக்குக் கீழே ஓடற இங்கிலீஷ் எழுத்து அவர் கண்ணுக்கு எட்டலைன்னு நான்தான் வாசிச்சு நம்ம பாஷையில சொல்றது. அவன் போறேங்கிறான், இவ போகாதேங்கிறா, அதையேதான் இன்னும் சொல்லிட்டிருக்காங்கன்னு சொல்வேன். ஆனா கலங்கரை விளக்கத்துல வேலை செய்யறவனோட பொண்டாட்டி கடலைப் பார்த்துத் தனியா பாடற இடம் வந்தா நானும் வாசிக்கறதை நிறுத்திடுவேன். அதுக்கு அர்த்தம் தேவையில்லை பாப்பா. நெஞ்சுக்குள்ள யாரோ கையை விட்டுத் துணி பிழியற மாதிரி இருக்கும். அப்பா கண்ணைத் துடைச்சுட்டு, ஃபேன்ல தூசி, துடைக்கவே மாட்டேங்கறேன்னு என்னைத் திட்டுவார்.

பக்கத்து வீட்டுக் கண்ணாடிக்கடைக்காரரை உனக்குத் தெரியும், நீ போறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் குடிவந்தாங்க. அப்பாவோட மூக்குக்கண்ணாடி தளர்ந்தப்போ வீட்டுக்கே வந்து சரி பண்ணிக் கொடுத்தவர், இஸ்திரி கலையாத சட்டை, கை கூப்பாம படியில தாண்டிப் போகமாட்டார். அவர் பொண்டாட்டி வீட்லயே துணி தைச்சுக் கொடுக்கிற பொண்ணு, உன் வயசுதான் இருக்கும். கீழ் வீட்டு டீச்சரம்மா நம்ம டிவியில நாய் ஊளையிடுதுன்னு சண்டைக்கு வந்தப்போகூட இவர்தான் பரிஞ்சு பேசினார். சார், சத்தத்தைக் குறைக்காதீங்க, சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து நாங்களும் ரசிக்கறோம்னார். எங்களுக்கு ஒரே பெருமை. இப்படி ஒரு ரசிகர் பக்கத்துல கிடைச்சாரேன்னு அப்பா இன்னும் கொஞ்சம் சத்தமாவே வெச்சார்.

ஒரு ஞாயித்துக்கிழமை அந்தக் கடல் பாட்டு உச்சத்துல போயிட்டிருந்தப்போ அப்பா பாத்ரூம் போகணும்னு ரிமோட்டை அமுக்கினார். திரையில அந்தம்மா வாயைத் திறந்தபடி அப்படியே நின்னாங்க. படம் நின்னுபோச்சு பாப்பா, சத்தம் நிக்கலை. ஒரு பொம்பளையோட அலறல் சுவருக்குள்ள இருந்து வந்துட்டே இருந்தது, அப்புறம் யாரோ வாயைப் பொத்தின மாதிரி பட்டுனு அறுந்தது. அப்பா எழுந்தவர் அப்படியே நின்னுட்டார். நான் அவர் நெஞ்சைத்தான் முதல்ல பார்த்தேன், இவருக்கு ஏதாவது ஆயிடப்போகுதேன்னு. அப்புறம் எனக்கே எங்கிருந்து தைரியம் வந்ததோ, போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, உங்க வீட்ல கரண்ட் இருக்கான்னு கேட்டேன். அவர்தான் திறந்தார். சட்டையில ஒரு சுருக்கம் இல்லை. கொஞ்சம் மூச்சு மட்டும் வாங்கினார். இருக்கேம்மா, ஏன் பாட்டு நின்னுபோச்சுன்னு சிரிச்சுட்டே கேட்டார். கதவை அவர் திறந்த அளவுல எனக்கு உள்ளே தையல் மெஷினோட ஒரு ஓரமும், தரையில கொட்டிக் கிடந்த பட்டன்களும்தான் தெரிஞ்சது. திரும்பி வந்து உக்காந்ததும்தான் எனக்கு உறைச்சது, இந்த மனுஷன் ஏன் சத்தத்தைக் குறைக்காதேன்னு சொன்னார்னு. நாங்க ரசிச்ச அத்தனை ஞாயித்துக்கிழமையும் எனக்கு அப்பவே கசந்துபோச்சு.

மறுநாள் அவர் கடைக்குப் போனதும் அந்தப் பொண்ணு துணி காயப்போட வந்தா. கன்னத்துல வீக்கம். நான் கேக்கறதுக்கு முன்னாடியே ஸ்டூல்ல இருந்து விழுந்துட்டேன்னு சொன்னா. நான் ஒண்ணும் கேக்கலை, எங்க வீட்டுக் கதவுக்குப் பகல்ல தாழ்ப்பாள் போடறதில்லைன்னு மட்டும் சொன்னேன். அவ ஒரே துணியை ரெண்டு தடவை உதறினா. அப்பா ஒரு யோசனை சொன்னார், அடுத்த வாரம் மாடி வீட்ல இருக்கிற டிரைவரையும் டீச்சரம்மாவையும் கூப்பிட்டு உக்கார வெச்சுக்கலாம், பாட்டு உச்சத்துல இருக்கும்போது நிறுத்தினா எல்லார் காதுலயும் விழும்னு. அதுக்காக அவ இன்னொரு தடவை அடி வாங்கணுமான்னு கேட்டேன். பாட்டே போடறதில்லைன்னு முடிவு பண்ணினோம். சத்தம் வெளியே கேக்கும்னு தெரிஞ்சா அந்த மனுஷன் கையை அடக்குவார்னு நினைச்சோம்.

ஞாயித்துக்கிழமை வந்தது. டிவியைப் போடாம ரெண்டு பேரும் எதிரெதிரா உக்காந்திருந்தோம். கொஞ்ச நேரத்துல கதவு தட்டற சத்தம். பக்கத்து வீட்டுக்காரர்தான். இன்னைக்கு ஏன் சார் பாட்டு இல்லைன்னார். மெஷின் ரிப்பேர்னு அப்பா சொன்னார், லிப்ட் மெக்கானிக்குக்குப் பொய்கூட அப்படித்தான் வருது. நான் பார்க்கறேனேன்னு கூப்பிடாமயே உள்ளே வந்துட்டார். ரிமோட்டை எடுத்தார், அமுக்கினார், படம் ஓட ஆரம்பிச்சது. “நல்லாத்தானே சார் இருக்கு” அப்படின்னு அப்பாவை ஒரு பார்வை பார்த்தார். அவங்க வீட்ல நடக்கிறது எங்களுக்குத் தெரியும்னு அவர் கண்டுபிடிச்சுட்டார்ங்கிறது அந்தப் பார்வையிலயே எங்களுக்குத் தெரிஞ்சது. சத்தத்தை அவரே கூட்டி வெச்சார், ரிமோட்டை மேஜைமேல நேரா வெச்சுட்டு, கை கூப்பிக் கும்பிட்டுட்டுப் போனார். அப்பாதான் எழுந்து போய் பிளக்கையே பிடுங்கினார். அப்புறம் ஒரு நாற்காலியைத் தூக்கிட்டு வெளியே வராந்தாவுக்குப் போனார், கனம் தூக்கக்கூடாதுன்னு கத்தவும் எனக்குப் பயம். அவங்க வாசலுக்கு நேரா போட்டு உக்காந்தார். நான் மடிக்க வேண்டிய துணிகளை எடுத்துட்டுப் போய் பக்கத்துல உக்காந்தேன். மடிச்ச துண்டையே பிரிச்சுப் பிரிச்சு மடிக்கிறேன். உள்ளே ஏதோ விழுந்தது. நாங்க எழுந்து நின்னோம். கதவு திறந்தது, அந்தப் பொண்ணு கைப்பை மட்டும் எடுத்துட்டு, ஒரு கால்ல செருப்பு இல்லாம வெளியே வந்து எனக்குப் பின்னாடி நின்னா. அவர் வாசல்ல நின்னு குரலை உயர்த்தாம வீட்டுக்கு வான்னு கூப்பிட்டார், கடைக்கு வந்தவங்களை உக்காருங்கன்னு சொல்ற அதே குரல்ல.

“வரமாட்டேன்” அப்படின்னு சொன்னா.

அவ்வளவு சின்ன உடம்புல இருந்து அப்படி ஒரு குரல் வரும்னு நான் நினைக்கலை. மாடியில டிரைவர் கதவைத் திறந்தார், கீழே இருந்து டீச்சரம்மா ஏறி வந்தாங்க. எல்லாரையும் ஒரு தடவை பார்த்துட்டு அவர் கதவைச் சாத்திக்கிட்டார்.

அவ கொஞ்ச நாள் உன் ரூம்லதான் இருந்தா, உன் போர்வையைக் கொடுத்தேன், கோச்சுக்காதே. டீச்சரம்மா துணைக்குப் போக, அவ போலீஸ்ல புகார் கொடுத்தா. ஒருநாள் அவளே அந்த டிஸ்க்கைப் போடச் சொன்னா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, வேண்டாம்மான்னேன். சுவருக்கு அந்தப் பக்கம் இத்தனை நாள் கேட்டேன், என்ன கதைன்னு தெரியாமயே கேட்டேன், சொல்லுங்கன்னா. மெதுவா வெச்சுக்கிட்டு முழுக்கப் பார்த்தோம், நான் வரிக்கு வரி சொன்னேன். கடைசியில செத்துப்போனவங்க எல்லாம் எழுந்து வந்து கும்பிடு போட்டப்போ அவ சிரிச்சா. அப்பா அவளுக்கு மேடை மோட்டாரைப் பத்திப் பாடம் எடுத்தார். அப்புறம் அவ அக்கா வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க. எந்த ஊர்னு நாங்க கேட்டுக்கலை. தெரிஞ்சா வாய் தவறிச் சொல்லிடுவோமோன்னு பயம்.

அவர் இன்னும் பக்கத்து வீட்லதான் இருக்கார். போலீஸ்ல கூப்பிட்டாங்க, இஸ்திரி சட்டையோட போனார், சாயங்காலம் திரும்பிட்டார், கேஸ் நடக்குதுங்கறாங்க. சுவருக்கு அந்தப் பக்கம் இப்ப ஒரு சத்தமும் இல்லை, நான் ராத்திரி எழுந்து சுவர்ல காதை வெச்சுப் பார்க்கறேன். நேத்து படியில என்னை வழிமறிச்ச மாதிரி நின்னு, இப்பல்லாம் உங்க வீட்ல பாட்டே கேக்கறதில்லையேம்மான்னார். கையில இருந்த குப்பைக் கூடையோட திரும்பி ஏறி வந்துட்டேன். பூட்டை மாத்திட்டோம். அப்பா கடைக்குப் போனா, திரும்பி வர்ற காலடி கேக்கற வரைக்கும் நான் ஜன்னலை விட்டு நகர்றதில்லை. டிரைவர் எப்ப வேணா கூப்பிடுங்கன்னு சொல்லியிருக்கார். டீச்சரம்மா ஞாயித்துக்கிழமை துணைக்கு வந்து, சத்தத்தை நல்லாக் குறைச்சு வெச்சு எங்களோட ஓபரா பார்க்கறாங்க, அவங்களுக்குக் கொஞ்சமும் பிடிக்கலை, பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க பாவம். இதுக்காக நீ லீவு போட்டு ஓடி வராதே. நேரத்துக்குச் சாப்பிடு, குளிர்ல வெறுங்காலோட நிக்காதே.

இதை எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு பேரும் ரொம்ப யோசிச்சோம். நீ போன்ல பேசும்போதெல்லாம் உன் பின்னாடி டிவி சத்தமா ஓடுது பாப்பா. கல்யாணமான புதுசுல அப்படி இல்லை. மாப்பிள்ளைக்கு டிவி பிடிக்கும் போலன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். போன தடவை நடுவுல சத்தம் திடீர்னு கூடிச்சு, நீ அப்புறம் பேசறேம்மான்னு வெச்சுட்டே, அப்புறம் பேசலை. ஒண்ணுமே இல்லாம இருக்கலாம், அப்படித்தான் இருக்கணும், என்னைப் பைத்தியம்னு நீ திட்டினா சந்தோஷமா வாங்கிக்கறேன். ஆனா மனசு கேக்கமாட்டேங்குது. அதனாலதான் வீட்டு விலாசத்துக்கு அனுப்பாம நீ வேலை பார்க்கிற லேப் விலாசத்துக்கு இதை அனுப்பறேன். படிச்சுட்டுக் கிழிச்சுடு.

நல்ல ஆயுசோட, பயமில்லாத வீட்ல, நீ சிரிக்கணும்னா சிரிச்சு அழணும்னா அழுதுக்கிட்டு இருக்கணும்னு அப்பாவும் நானும் ஆசீர்வாதம் பண்றோம். மறக்காதே, அடுத்த தடவை கூப்பிடும்போது டிவியை நிறுத்திட்டுப் பேசு. நிறுத்த முடியலைன்னா வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம், அப்பா சாப்பிட்டாரான்னு ரெண்டு தடவை கேளு, நாங்க கிளம்பி வந்துடுவோம்.

உன் குரலுக்காகக் காத்திருக்கும்
அம்மா