மஞ்சள் உப்பும் ஐந்து கேள்விகளும்

பிப்ரவரி 9

அன்புள்ள மச்சானுக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருப்பதற்கு மன்னிக்க வேண்டும். ‘ழ’ எப்படிப் போட்டாலும் வரிக்குக் கீழே தொங்குகிறது. இதை எழுத நான்கு நாள் ஆயிற்று. என் கையெழுத்தை நீங்கள் பார்த்ததே இல்லை, கட்டைவிரல் ரேகையைத்தான் பார்த்திருக்கிறீர்கள். நான்தான், உங்கள் தங்கையின் கணவன். இருபத்திரண்டு வருஷமாக உங்களோடு பேசாதவன்.

எழுபத்தோரு வயதில் படிக்கக் கற்றுக்கொண்டேன். நூலகத்து மூன்றாம் மாடியில் சாயங்கால வகுப்பு. ஏழு மாதமாகப் போகிறேன். சோப்பு உறை, பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் என்று எதையும் விடுவதில்லை. “வாயை மூடிக்கிட்டுப் படிக்கத் தெரியாதா? பஸ்ஸே திரும்பிப் பார்க்குது” என்கிறாள் உங்கள் தங்கை. தெரியாது. சத்தமாகச் சொன்னால்தான் எனக்கு எழுத்து ஒன்றோடொன்று சேர்கிறது.

ஆலையில் நாம் வேலை பார்த்த மஞ்சள் உப்பைப் பற்றிப் புத்தகம் உண்டா என்று டீச்சரிடம் கேட்டேன். எடுத்துக் கொடுத்தார். பத்து வருஷம் அள்ளிய பொருளின் பெயர் அன்றுதான் தெரிந்தது. அம்மோனியம் ஹெக்ஸாகுளோரோபிளாட்டினேட். ஒரு மதியம் முழுவதும் அந்தச் சொல்லுக்கே போயிற்று.

பிளாட்டினம் கரைந்த கரைசலில், ஈயம் பூசுகிறவர்கள் போடும் நவச்சாரத்தைப் போட்டால் மஞ்சள் பொடியாகப் படியும் என்று போட்டிருக்கிறது. அது தண்ணீரில் கொஞ்சமே கரையும், நவச்சாரத் தண்ணீரில் அதைவிடக் குறைவாகக் கரையும். வெறும் தண்ணீரில் கழுவினால் மேஸ்திரி ஏன் கத்தினார் என்று இப்போது புரிகிறது. காய்ச்சினால் உருகாமல் சிதைந்து சாம்பல் நிறப் பஞ்சாகப் பிளாட்டினம் மிஞ்சும். அந்தப் பிளாட்டினம் கார் புகையைச் சுத்தம் செய்யவும், கண்ணாடி உருக்கும் பாத்திரத்துக்கும், மருந்துக்கும் போகிறதாம். மோதிரத்துக்கு மட்டும் என்றல்லவா நினைத்திருந்தேன். அந்த உப்பு மூச்சைக் கெடுப்பதைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. எழுதியவர் அதைக் கையால் அள்ளியிருக்க மாட்டார்.

அந்தப் புத்தகம் கொடுத்த தைரியத்தில், உங்கள் தங்கை கடைக்குப் போன நேரம் பார்த்துத் தகரப் பெட்டியைத் திறந்தேன். வேலையை விட்டு அனுப்பியபோது கொடுத்த உடல்நல அட்டையின் நகல் அதில் இருந்தது. ஷிப்ட் குமாஸ்தாவாக மாதாமாதம் நீங்கள் எங்களுக்கெல்லாம் நிரப்புவீர்களே, அது. மூக்கில் நீர் வடிகிறதா, கண் அரிக்கிறதா, தோல் தடிக்கிறதா, இருமல் உண்டா, மூச்சு இரைக்கிறதா. “அஞ்சுக்கும் இல்லைன்னு போடுங்க மச்சான்” என்பேன். போடுவீர்கள். ரேகை வைப்பேன். கடைசி மாதம் மட்டும் கேட்காமலே நிரப்பி நீட்டினீர்கள். நானும் பழக்கத்தில் விரலை வைத்துவிட்டேன்.

மறுவாரம் ஆலை டாக்டர் என் கையில் அந்த உப்புக் கரைசலை ஒரு சொட்டு விட்டு ஊசியால் கீறினார். பத்து நிமிஷத்தில் பொத்தான் அளவு தடித்தது. உப்பு ஒவ்வவில்லை என்று வேலை போயிற்று. “உன்னை வெளியே அனுப்பச் சொல்லி எழுதினது உன் மச்சானேதான்” என்றார் வாசல் காவலாளி. என்ன எழுதினீர்கள் என்று நான் யாரையும் கேட்கவில்லை. உங்கள் தங்கைக்குப் படிக்கத் தெரிந்தும், அந்த அட்டையை அவள் எடுத்தாலே சண்டைக்குப் போவேன்.

இப்போது நானே படித்தேன். ஐந்துக்கும் ‘ஆம்’. அடியில் உங்கள் குண்டு எழுத்தில், “இவரால் படுத்து உறங்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே உறங்குகிறார். உப்பிலிருந்து உடனே விலக்கவும்.”

மச்சான், என் பக்கத்தில் நின்ற நெட்டையன் கடைசிவரை ‘இல்லை’ என்றே சொன்னான். இன்று கட்டிலிலிருந்து ஜன்னலுக்குப் போவது அவனுக்கு ஒரு பயணம். நான் மூன்று மாடி ஏறிப் படிக்கப் போகிறேன். நன்றி. இந்தச் சொல்லைத் தப்பில்லாமல் எழுத மூன்று தாள் கிழித்தேன்.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. நான் உட்கார்ந்து தூங்கியது உங்களுக்கு எப்படித் தெரியும்?

உங்கள் மகளின் கல்யாணப் பத்திரிகையில் விலாசம் இருந்தது. கல்யாணத்துக்குத்தான் வராமல் போனேன். நீங்கள் பதில் போடாவிட்டாலும் நியாயம்தான்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்

&nbsp;

பிப்ரவரி 20

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. குமாஸ்தா புத்தி, பிழை திருத்தப் பென்சிலை எடுத்தேன். முதல் பத்தி முடிவதற்குள் கீழே வைத்துவிட்டேன்.

உங்கள் நன்றியை அப்படியே வாங்கிக்கொள்ள என்னால் முடியவில்லை. அதற்கு முந்தைய எட்டு மாதமும் உங்கள் மூச்சு விசிலடிப்பது என் மேஜை வரைக்கும் கேட்டது. நீங்கள் ‘இல்லை’ என்றீர்கள், நானும் ‘இல்லை’ என்று எழுதினேன். தங்கச்சி வீட்டு வருமானத்தில் நாமே கை வைப்பதா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த உப்பின் குணத்தைச் சுற்றறிக்கையில் படித்தவன் நான். ஒரு தடவை உடம்புக்கு அது ஒவ்வாமல் போய்விட்டால், பிறகு கண்ணுக்குத் தெரியாத தூசியே போதும். சீக்கிரம் விலகுகிறவர்தான் தேறுவார். தெரிந்தே எட்டு மாதம் தள்ளினேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒரு நாள் மதியம் தங்கச்சி என் மேஜைக்கு எதிரில் வந்து நின்றாள். “அண்ணே, அவர் படுத்துத் தூங்கி ரெண்டு மாசம் ஆச்சு. நீ எழுதுறியா, நான் உள்ளே போய் டாக்டர்கிட்டச் சொல்லட்டுமா?” என்றாள். எழுதினேன்.

எழுதினவன் முகத்தில் விழிக்கமாட்டேன் என்று நீங்கள் சொன்னதும், உண்மையைச் சொல்லிவிடத் துடித்தாள். நான்தான் விடவில்லை. “என்மேல கோபப்பட்டா நான் வேற வீட்டுல இருக்கேன். உன்மேல கோபப்பட்டா ஒரே வீட்டுல நீ எப்படிம்மா இருப்பே?” என்றேன். உங்கள் மூச்சு தேறினதே எனக்குப் போதுமாக இருந்தது.

இந்தக் கடிதத்தை அவள் காதுபடப் படிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
மச்சான்

&nbsp;

மார்ச் 1

அன்புள்ள மச்சானுக்கு,

காதுபடப் படிக்க வேண்டாம் என்பதை முதல் வரியிலல்லவா எழுதியிருக்க வேண்டும்? இத்தனை வருஷம் குமாஸ்தாவாக இருந்தீர்களே.

கடிதம் வந்த சந்தோஷத்தில் அங்கேயே உட்கார்ந்து உரக்கப் படிக்க ஆரம்பித்துவிட்டேன். உங்கள் தங்கை ஜன்னலோரம் தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தாள். ‘தங்கச்சி என் மேஜைக்கு’ என்ற இடத்தில் தையல் மெஷின் நின்றது. எனக்கும் விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் நிறுத்தினால் விட்ட இடம் தெரியாமல் போகுமே என்று விரலை வைத்தபடி மேலே போனேன். ‘ஒரே வீட்டுல’ என்பதில் தடுமாறினேன். பின்னாலிருந்து அவளே அந்தச் சொல்லைச் சொன்னாள்.

முடித்த பிறகு கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

“இப்ப என்ன, என்கூடவும் இருபத்திரண்டு வருஷம் பேசாம இருக்கப் போறீங்களா?” என்றாள்.

“எனக்கு அவ்வளவு ஆயுசு ஏது?”

“ஆயுசுக்காகத்தானே அன்னிக்கு அண்ணன்கிட்ட ஓடினேன்.”

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். “விடுங்க, விரல்ல குண்டூசி இருக்கு” என்றாள். ஆனால் அவளும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

பல் வலி என்று அவள் மாதம் ஒரு தடவை பஸ் ஏறிப் போனதெல்லாம் உங்கள் வீட்டுக்குத்தானாம். வாயில் எத்தனை பல் மிச்சம் என்று ஒரு நாளாவது நான் எண்ணியிருக்க வேண்டும்.

அந்த எட்டு மாதத்தை முழுக்க உங்கள் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள். ‘இல்லை’ என்று சொன்னவன் நான், எழுதியவர் நீங்கள். பாதிப் பாதி என்றால் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் பேசாமல் இருந்த இருபத்திரண்டு வருஷத்தில் உங்களுக்குப் பங்கே கிடையாது. அது முழுக்க என்னுடையது. மன்னித்துவிடுங்கள். வர முடிந்தால் வாருங்கள், முடியாவிட்டால் நாங்கள் வருகிறோம். இனி அவள் தனியாகப் பஸ் ஏற வேண்டியதில்லை.

இந்தத் தாளின் பின்பக்கம் வேண்டும் என்று உங்கள் தங்கை கேட்டாள். கொடுத்தேன், வெகுநேரம் எழுதிவிட்டு இப்போதுதான் திருப்பிக் கொடுத்தாள். கண்ணில் படுவதையெல்லாம் படிக்கிறவன்தான் நான், ஆனால் அந்தப் பக்கத்தை மட்டும் திருப்பப் போவதில்லை. அது அண்ணனுக்கும் தங்கைக்கும்.

அடுத்த வாரம் கடிதம் போடுகிறேன். என் வேகம் உங்களுக்குத் தெரியும், அதனால் நாளைக் காலையிலேயே உட்கார்ந்துவிடுவேன்.

இப்படிக்கு,
மாப்பிள்ளை