அழ மறுத்த அக்கா

அன்பு அம்மாவுக்கு, மட்டாஞ்சேரியிலிருந்து சுடலைமுத்துவின் வணக்கம். முழங்கால் வலி தேவலையா? ஏலக்காய்க் கிடங்கில் நான் மணமாக இருக்கிறேன், மணம்தான் ஆகவில்லை.

களமசேரியில், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான கல்லூரிப் படிப்பில் அக்காவுக்கு இடம் கிடைத்தும் கட்டணத்துக்கு வழியில்லாமல் தவித்தோமே, அது தீர்ந்தது. நேற்று உதவித்தொகைக்கான நேர்காணல். உள்ளே போனதும் அழும்படி அவளுக்கு ஒரு வாரமாகப் பயிற்சி கொடுத்திருந்தேன். அவளோ சிரித்துக்கொண்டே, "தம்பி அழச் சொன்னான். எனக்கு அழுகை வரல. எங்ககிட்ட காசு இல்ல. ஆனா நான் படிக்கணும்" என்றாள்.

நேர்காணல் நடத்திய ஓமனா டீச்சர் என்னைப் பார்த்து, "எடா கள்ளா, நின்றெ சேச்சிக்கு வக்கீல் வேண்டா" என்றார், உன் அக்காவுக்கு வக்கீலே தேவையில்லையாம். இரண்டு வருடக் கட்டணத்தையும் உதவித்தொகைக்காரர்களே கட்டுகிறார்கள். கட்டணத்துக்காக நம் ஆடுகளை விற்றுவிடாதே.

இன்று அக்கா விடுதிக்குப் போய்விட்டாள். வீட்டில் அவள் விட்டுவந்த பழைய போர்வையை அனுப்பு. அவளுக்கில்லை, எனக்கு.

லாரி வந்துவிட்டது, ஓடுகிறேன்.

உன் முத்து