வாத்துக் கதைக்குக் கீழே ஒரு பெட்டி

என் ஸ்டெல்லாக்காவுக்கு,

நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்து அடுத்தது தொடங்கிவிட்டது. அடையாறில் காலையிலிருந்து விடாத மழை. வேளச்சேரிக்காரர்கள் வழக்கம்போல் வெள்ளத்துக்குப் பயந்து கார்களை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். உன் ஜெபமாலையும் அந்தச் சீனத்துப் புத்தகமும் நீ வைத்தபடியே ஒரே அலமாரித் தட்டில் இருக்கின்றன.

உன் பதினொரு கதைகளும் புத்தகமாக வரப்போகின்றன, அக்கா. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இடையில் ஒன்று நடந்தது. செய்தி எழுதிப் பழகிய கை. நடந்ததை நடந்த வரிசையில்தான் சொல்ல வரும்.

எங்கள் பத்திரிகையின் சிறுவர் பக்கத்தில் அன்று ஒரு வழக்கம் இருந்தது உனக்குத் தெரியும். கதை முடிந்ததும் கீழே ஒரு பெட்டி, அதற்குள் 'நீதி' என்று ஒரு வரி. நீ கதையை அனுப்பும்போது அந்தப் பெட்டியைப் பென்சிலால் வரைந்து, உள்ளே ஒன்றும் எழுதாமல் விடுவாய். மறந்துவிட்டாய் என்று நினைத்து ஒவ்வொரு முறையும் நான் நிரப்பினேன். அக்காவுக்குத் தம்பி செய்யும் உதவி என்று எனக்குள் ஒரு பெருமை வேறு.

கடைசியாக வந்தது வாத்துக் கதை. தெப்பக்குளத்துப் படியில் நிற்கும் வாத்து, எப்படி நீந்துவது என்று தவளையிடமும் மீனிடமும் காக்கையிடமும் கேட்கிறது. ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அத்தனையும் செய்து பார்த்ததில் அதன் கால்கள் பின்னிக்கொள்கின்றன. ஒருநாள் கேட்டதெல்லாம் மறந்துபோய் அது தண்ணீரில் இறங்குகிறது. அவ்வளவுதான் கதை. நான் பெட்டிக்குள் எழுதினேன்: 'பெரியோர் சொல் கேட்டால் எதையும் கற்கலாம்.'

அது அச்சாகி வந்த அன்று நீ போன் செய்தாய். "டேய் சேவி, என் வாத்து யார்கிட்டயும் கத்துக்கலடா. அந்தப் பெட்டிய ஏன் நெரப்புற? டப்பா காலியா இருந்தாதான சோறு வைக்க முடியும்?" என்று சிரித்தாய். லஸ் நடைபாதைக் கடையில் வாங்கிய அந்தச் சீனத்துப் புத்தகத்திலிருந்து தாவோ, தானாய் நடக்கும் வழி என்று ஏதோ சொன்னாய். செதுக்காத மரக்கட்டையில்தான் மரம் முழுசாக இருக்கிறது, பிள்ளைகளும் அப்படித்தான் என்றாய். அடுத்த வாரப் பக்கம் அச்சுக்குப் போகும் நேரம். "சரிக்கா, சரிக்கா" என்று போனை வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நீ கதையே எழுதவில்லை. என் வரியால்தானா? கடைசிவரை நான் கேட்கவில்லை.

தி. நகர் பதிப்பாளர் பழைய பக்கங்களைப் பார்த்து, நீதி வரிகளோடு அப்படியே மாதிரிப் பிரதி அடித்துக் கொடுத்தார். பிள்ளைகள் எப்படி வாசிக்கிறார்கள் என்று பார்க்க, நொச்சிக்குப்பத்தில் டியூஷன் நடத்தும் உன் பழைய மாணவி மேரியிடம் அதைக் கொண்டுபோனேன். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். குடியிருப்பின் படிக்கட்டில் ஏழு பிள்ளைகள்.

நந்தினி என்கிற எட்டு வயதுப் பெண் வாத்துக் கதையைச் சத்தமாக வாசித்தாள். கடைசி வரி முடிந்ததும் அவள் விரல் பெட்டிக்குள் போய் நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே பார்த்திருந்தாள். பிறகு பக்கத்தைத் திருப்பினாள்.

"பெட்டியில இருக்கறதையும் படிம்மா" என்றேன்.

"இன்னா அங்கிள், அங்க ஒண்ணியும் இல்லியே."

பக்கத்திலிருந்தவளிடம் நீட்டினாள். "ஆமா அங்கிள், காலியாத்தான் கீது. நீங்க கண்ணாடிய மாத்துங்க" என்றாள் அவள். எல்லாரும் சிரித்தார்கள். மேரி வந்து, "இதோ இருக்கே சார்" என்று என் வரியைத் தடங்கலில்லாமல் வாசித்தாள். சிரிப்பு நின்றது. ஆளில்லாத நாற்காலியோடு பேசுகிறவளைப் பார்ப்பதுபோல ஏழு பேரும் அவளைப் பார்த்தார்கள்.

நான் நந்தினியிடம் மெதுவாகக் கேட்டேன். "அங்க என்னதாம்மா தெரியுது?"

"உள்ள போய்க்கினே கீது அங்கிள்" என்றாள்.

அடுத்த ஞாயிறும் போனேன். வேறு பிள்ளைகள், வேறு கதைகள். ஒருவர் வாசிக்கும்போது மற்றவர்களைக் கீழே அனுப்பிவிட்டேன். எல்லாருடைய விரலும் பெட்டியில் நின்றது, ஒருவரும் வாசிக்கவில்லை. "பெட்டிக்குள்ள இருந்தா பரீட்சைக்குன்னு பசங்க மனசுல பதிஞ்சிருக்கும் சார், கண்ணு அதத் தாண்டிடும்" என்றாள் மேரி. அதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். ஆனால் நந்தினி தாண்டவில்லையே. பார்த்துக்கொண்டு அல்லவா இருந்தாள்?

பதிப்பாளரிடம் போய், பெட்டிகள் இருக்கட்டும், வரிகளை எடுத்துவிடுங்கள் என்றேன்.

"நீதி இல்லாம எந்த ஸ்கூல் சார் வாங்கும்? காலிப் பெட்டிய பிரிண்டிங் மிஸ்டேக்னு திருப்பி அனுப்புவாங்க."

"அப்ப புத்தகமே வேண்டாம். கதைகளைத் திருப்பிக் கொடுத்துடுங்க."

அவர் கால்குலேட்டரை எடுத்துத் தட்டினார். "உங்க அக்கா கதை, உங்க இஷ்டம். கொஞ்சமாத்தான் அடிப்பேன்" என்றார். பள்ளிக்கூடங்களுக்குப் போகாது, அக்கா. நீ பாடம் சொன்ன பள்ளிக்கும் போகாது. அதற்குச் சம்மதித்துத்தான் எழுந்து வந்தேன்.

நேற்று மதியம் மாதிரிப் பிரதியை மேசையில் விரித்து, எடுக்கவேண்டிய வரிகளைச் சிவப்பு மையால் அடித்துக்கொண்டு வந்தேன். பத்துக் கதைகள் முடிந்தன. வாத்துக் கதைக்கு வந்தேன். பெட்டி காலியாக இருந்தது.

கண்ணாடியைத் துடைத்தேன். ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன். பிறகு பக்கம் அமைக்கும் பெண்ணுக்குப் போன் செய்து, வாத்துக் கதையில் மட்டும் வரியை எடுத்துவிட்டாயா என்று கேட்டேன்.

"நான் இன்னும் ஃபைலையே தொறக்கல சார். உங்க கையில இருக்கறது அதே பழைய காப்பிதான?"

அதே பிரதிதான். முனையில் நந்தினியின் விரல் அழுக்குகூட இருந்தது. பெட்டிக்குள் என் விரலை வைத்தேன். காகிதம் சில்லென்று இருந்தது. மழைக்காலம், அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் விரலை எடுக்க எனக்கு நேரமானது.

அப்போதுதான் அந்தக் கதையை முதல் தடவையாக வாசித்தேன், அக்கா.

கல்லறைத் திருநாளுக்குள் புத்தகம் வந்துவிடும். முதல் பிரதி நந்தினிக்கு. இரண்டாவதை உன்னிடம் கொண்டுவந்து, வாத்துக் கதையைச் சத்தமாக வாசிப்பேன். தண்ணீரில் இறங்கியதும் நிறுத்திவிடுவேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்.

பெட்டியை நிரப்பிய உன் தம்பி,
சேவியர்